எளியர்

ஆலோசகர் பயிற்சி ஒன்றின் அழைப்பிதழில் 'ஃபெசிலிடேட்டர்' என்பதை 'நெறியாளர்' என்று பெயர்த்திருந்தார்கள். எனக்கு அது உறுத்துகிறது. உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1942-இல் எழுதிய நூலிலேயே, நாடி வந்தவரை நெறிப்படுத்தாத முறையைத்தான் வலியுறுத்தினார். அவர் வழிவந்த குழுவில் ஒருவர் நெறியாளராக எப்படி அமர்வது? ஃபெசிலிடேட்டரின் வேர் லத்தீன் 'ஃபாகிலிஸ்'. செய்ய எளியது என்பது அதன் பொருள். எளிதில் அணுகக்கூடிய மனிதர் என்றும் பொருள் உண்டு. நம் 'எளியர்' சொல்லிலும் இந்த இரண்டாம் பொருள் இருந்தது. இன்று அதில் வறுமையே மிஞ்சியிருக்கிறது. ஃபெசிலிடேட்டர் எளிதாக்குபவர் என்றால், யாருக்கு எளிது என்பதுதான் கேள்வி. நான் இருந்த ஒரு குழுவில் ஆண்கள் பேசி முடிக்கும்வரை அனைவரும் காத்திருந்தோம். பெண்களின் பேச்சுக்குள் சட்டென்று நுழைந்தோம். ஒரு பெண் அழுதபோது உடனே ஆறுதல் சொன்னோம். ஓர் ஆண் கண்கலங்கியபோது தலைகுனிந்து கொண்டோம். நடத்தியவர் கனிவானவர்தான், ஆனால் இதை அவர் கவனிக்கவே இல்லை. எல்லாரையும் ஒன்றுபோல் ஏற்பதாகச் சொல்லிக்கொண்டு பால் வேறுபாட்டைக் காணாமலிருந்தால், குழு ஏற்கெனவே யாருக்கு எளிதாக இருந்ததோ அவருக்கே மேலும் எளிதாகும். 'பால்' என்ற சொல்லுக்கே பகுப்பு, பங்கு என்றுதானே பழம்பொருள்? பேச்சிலும் மௌனத்திலும் அவரவர் பங்கு கிடைக்கிறதா என்று பார்ப்பவரை 'ஏதுவாளர்' எனலாம். 'ஏது' வடமொழி 'ஹேது'வின் வழி வந்தது. ஆனாலும் 'ஏதுவாக' என்று நாம் அன்றாடம் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அதுவே போதும்.