ஆறு பேர் தேடும் கப்பல்

1984-இல் டேவிட் பிராபென், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் பி.பி.சி. மைக்ரோ கணினிக்காக 'எலைட்' என்ற விண்வெளி விளையாட்டை எழுதினார்கள். 32 கிலோபைட் நினைவகத்துக்குள் ஒரு பிரபஞ்சம்! அதில் ஆடுபவருக்குக் கிடைத்தது 'கோப்ரா' என்ற ஒரே கப்பல். 'அனகோண்டா' என்ற பெரிய சரக்குக் கப்பலும் எதிரே வரும், ஆனால் அதைக் கணினிதான் ஓட்டும். ஒரு கப்பலுக்கு ஒரு ஆள் என்பதை அன்று யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்க இணையமும் வீட்டுக்கு வந்திருக்கவில்லை.

இணையம் வந்ததும் புதிய ஆசையும் வந்தது. நான்கைந்து நண்பர்கள் ஒரே கப்பலில் ஏறி, ஒருவர் ஓட்ட, மற்றவர்கள் பீரங்கிகளைப் பிடித்துக்கொண்டால் எப்படி இருக்கும்? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு கப்பல் நல்லதா கெட்டதா என்று எதை வைத்து எடை போடுவது? கடந்த கால் நூற்றாண்டாக இந்தத் துறை இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறது.

முதலில் சரியாகச் செய்தது, இன்று பலர் மறந்துபோன 'அலீஜியன்ஸ்'. மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் உருவாகி 2000 மார்ச்சில் வெளியானது. எதிரெதிர் அணிகள், அணிக்கு ஒரு தளபதி. ஜெயிக்க வேண்டுமானால் எதிரியின் தளங்களை உடைக்க வேண்டும். அதற்குச் சின்னப் போர்க்கப்பல்கள் போதாது, 'பாமர்' வேண்டும். பாமரோ ஆமை வேகம். அதன் பீரங்கி இருக்கைகளில் ஆள் உட்காராவிட்டால் பாதி வழியிலேயே கதை முடிந்துவிடும். ஆகவே ஆட்டக்காரர்கள் தங்கள் சொந்தக் கப்பலை விட்டுவிட்டு அதில் ஏறினார்கள். பீரங்கிக்காரர் வேலை அலுப்பாக இருந்தாலும் அது இல்லாமல் ஆட்டம் நகராது. விற்பனையில் பெரிதாகச் சாதிக்கவில்லை. ஆனாலும் 2004-இல் மூலநிரல் வெளியிடப்பட, ரசிகர்களே அதை வாழவைத்தார்கள்.

அதே 2004 அக்டோபரில் 'ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்' விளையாட்டுக்கு 'ஜம்ப் டு லைட்ஸ்பீட்' என்ற விரிவாக்கம் வந்தது. படத்தில் ஹான் சோலோ ஓட்டுகிற அதே ஒய்.டி.-1300 வகைக் கப்பல்! பறந்துகொண்டிருக்கும்போதே உள்ளே நடக்கலாம், மேலும் கீழும் உள்ள பீரங்கிகளில் நண்பர்கள் உட்காரலாம், அடி விழுந்தால் ஓடிப்போய்ப் பழுது பார்க்கலாம். சிலர் நாற்காலி, மேசை போட்டு வீடு மாதிரியே அலங்கரித்தார்கள். சண்டைக்கு எவ்வளவு உதவியது என்பதைத் தாண்டி, மக்கள் அதை நேசித்தார்கள். 2011 டிசம்பர் 15 அன்று சேவையகங்கள் மூடப்பட்டபோது அந்த வீடுகளும் போயின.

பிராபென் 2014-இல் 'எலைட் டேஞ்சரஸ்' கொண்டுவந்தார். இந்த முறை அனகோண்டாவை ஆடுபவரே வாங்கலாம். விலை கிட்டத்தட்ட 14.7 கோடி கிரெடிட் (விளையாட்டுப் பணம்தான், பயப்பட வேண்டாம்). 2017 ஏப்ரலில் வந்த மேம்பாட்டில் ஒரே கப்பலில் மூன்று பேர் சேரும் வசதி கிடைத்தது. ஒருவர் ஓட்டுவார், ஒருவர் சுழல் பீரங்கிகளைப் பார்ப்பார், இன்னொருவர் கப்பலிலிருந்து கிளம்பும் குட்டிப் போர்விமானத்தைச் செலுத்துவார். சேரும் ஒவ்வொருவருக்கும் கப்பலின் மின்பகிர்வில் ஒரு புள்ளி கூடுதல். ஆனால் மாலுமியே பீரங்கிகளையும் சுடலாம், குட்டி விமானத்துக்குக் கணினி ஆளைக் கூலிக்கு வைத்துக்கொள்ளலாம். அப்புறம் நண்பன் எதற்கு? கப்பலுக்குள் எழுந்து நடக்கவும் வழியில்லை. அலீஜியன்ஸின் கட்டாயமும் இல்லை, கேலக்ஸீஸின் வீடும் இல்லை. வசதி வந்த வேகத்திலேயே பலர் அதை மறந்தார்கள்.

இப்போது 'ஸ்டார் சிட்டிசன்'. 1990-இல் 'விங் கமாண்டர்' எடுத்த கிறிஸ் ராபர்ட்ஸ் 2012-இல் மக்களிடம் நிதி கேட்டுத் தொடங்கியது. 2022-இல் நிதி 50 கோடி டாலரைத் தாண்டியது. 2024 டிசம்பரில் 4.0 முன்னோட்டம் வந்தபோதும் ஆல்பா நிலைதான். அதன் 'ஹாமர்ஹெட்' 2017 நவம்பரில் விற்பனைக்கு வந்தது, ஓராண்டு கழித்துப் பறந்தது. ஆறு சுழல் பீரங்கிக் கூண்டுகள், ஒவ்வொன்றிலும் நான்கு துப்பாக்கிகள், ஆக 24. ஒவ்வொரு கூண்டிலும் ஒரு ஆள் உட்கார வேண்டும். ஓட்டுபவர் கையில் ஏவுகணைகள் மட்டுமே.

காகிதத்தில் 24 துப்பாக்கி பயங்கரம். கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். கூண்டுகள் வெவ்வேறு பக்கம் பார்க்கின்றன, ஒரே எதிரியை ஆறும் சேர்ந்து அடிக்க முடியாது. ஒரு பக்கம் சண்டை நடக்க, மறுபக்கக்காரர் நட்சத்திரம் எண்ணிக்கொண்டிருப்பார். அதே ஏழு பேர் ஏழு போர்க்கப்பல்களில் வந்தால் ஏழு பேரும் ஒரே இலக்கைச் சுடலாம், ஒருவர் விழுந்தால் ஆறு பேர் மிச்சம். ஹாமர்ஹெட் விழுந்தால் ஏழு பேரும் ஒன்றாகப் போவார்கள்.

ஹாமர்ஹெட் மோசமான கப்பல் என்பது இதற்கு அர்த்தமில்லை. சின்னக் கப்பல்கள் கூட்டமாகப் பாயும்போது, பக்கத்தில் வரும் சரக்குக் கப்பலைக் காக்கத்தான் அது வரையப்பட்டது. எல்லாத் திசையிலும் பீரங்கி இருப்பது அங்கேதான் பலம். குறை வேறு இடத்தில். பாமர் இல்லாமல் தளம் விழாது என்று அலீஜியன்ஸ் விதி வைத்திருந்தது. ஹாமர்ஹெட் இல்லாமல் நடக்காத காரியம் என்று எதுவும் வைக்கப்படவில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. கப்பலைப் பல நூறு டாலர் கொடுத்து வாங்குபவர் ஒருவர், அதை நிரப்ப வேண்டியவர்கள் இன்னும் ஆறு பேர். அந்த ஆறு பேரும் ஒரே இரவில், ஒரே நேரத்தில், இணைப்பு அறுந்துபோகாமல் கிடைக்க வேண்டும். கிடைக்காத இரவுகளில் 24 துப்பாக்கிகளும் பேசாமல் நிற்க, ஓட்டுபவர் ஏவுகணைகள் தீரும்வரை சுட்டுவிட்டு வீடு திரும்புவார்.