ஈடு என்ன தருவீர்கள்? – நிலமில்லாதவர்களின் கடன் வரலாறு

சென்ற மாதம் போளூரில் ஒரு வங்கிக் கிளைக்கு ஓர் இளைஞரோடு நாங்கள் போயிருந்தோம். பக்கத்துக் காலனியைச் சேர்ந்தவர். பன்னிரண்டு ஆண்டுகள் திருப்பூரில் டைலராக இருந்துவிட்டு ஊர் திரும்பி, மனைவியும் தங்கையும் கூட இருக்க, நான்கு தையல் மெஷின் போட்டிருக்கிறார். ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்துக்குத் தைத்துக் கொடுக்கிறார். வேலைக்குப் பஞ்சமில்லை. இன்னும் ஆறு மெஷின் இருந்தால் காலனிப் பெண்கள் ஆறு பேருக்கு வேலை கிடைக்கும். ஆனால் தைத்துக் கொடுத்த பில்லுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் பணம் வருகிறது. அதுவரை கூலிக்கும் நூலுக்கும் மனைவியின் தோடு அடகுக்கடைக்குப் போய் வருகிறது.

மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். "ஈடா என்ன தர்றீங்க தம்பி?" என்றார். தாத்தா காலத்துப் பட்டாவை எடுத்து நீட்டினார் இவர். புரட்டிப் பார்த்த மேலாளர், "இது டி.சி. நிலமாச்சே. நாளைக்கு ஏலத்துக்கு வந்தா உங்க ஆளுங்க மட்டும்தானே வாங்க முடியும்? அவங்ககிட்ட ஏது அவ்வளவு பணம்?" என்று திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அந்த இளைஞர் கேட்டார்: "அக்கா, இந்த நிலம்தான் நமக்குப் பாதுகாப்புன்னு கூட்டத்துல நீங்கதானே பேசுனீங்க?"

அவருக்கு உடனே பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் இந்தக் கட்டுரை.

தோழர்களே, குத்தகை நிதி, பில் நிதி, கம்பெனி நிதி என்று எத்தனைப் பெயர் வைத்தாலும், கடன் கொடுப்பவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: நீ திருப்பித் தராவிட்டால் நான் எதை எடுத்துக்கொள்வது? அதுதான் ஈடு. இந்தக் கேள்விக்கு நம் முன்னோர்கள் என்ன பதில் சொன்னார்கள், அந்தப் பதில் எப்படியெல்லாம் மாறியது என்று பார்த்தால், நம் வரலாறே அதில் இருக்கிறது.

முதல் ஈடு: உடம்பு

பண்ணையாள், படியாள் என்று அழைக்கப்பட்ட நம் பாட்டன்களிடம் ஈடாக வைக்க உடம்பைத் தவிர வேறு எதுவும் இருந்ததில்லை. 1843இல் கம்பெனி அரசு கொண்டுவந்த அடிமை ஒழிப்புச் சட்டம் ஒரு முக்கியமான வேலையைச் செய்தது. கடன் தீர்ப்பை நிறைவேற்றவோ வரி பாக்கியை வசூலிக்கவோ, அடிமை என்று சொல்லி ஒரு மனிதரை அரசு அலுவலர் விற்கக் கூடாது என்றது. அதாவது, சட்டத்தின் கண்ணில் மனித உடம்பு இனி ஈடு ஆகாது.

ஆண்டைகள் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். உடம்பை அடமானம் வாங்குவதற்குப் பதிலாக உழைப்பை அடமானம் வாங்கினார்கள். கல்யாணத்துக்கோ சாவுக்கோ கொடுத்த சிறு தொகை, தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கியது. 1859இல் வந்த வேலை ஒப்பந்த மீறல் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் அது குற்றம், தண்டனை உண்டு என்றது. 1920களின் நடுப்பகுதி வரை அந்தச் சட்டம் உயிரோடு இருந்தது. பணக்காரர் கடனைத் திருப்பித் தராவிட்டால் சிவில் வழக்கு, ஏழை தராவிட்டால் சிறை.

ஆரணிப் பட்டுத் தறிகளிலும் இதே கணக்குதான் ஓடியது. முதலாளி பாவும் ஊடையும் சரிகையும் கொடுப்பார், கூடவே ஒரு முன்பணமும் கொடுப்பார். நெசவாளருக்குக் கூலி மட்டும். முன்பணம் தீராமல் வேறு முதலாளியிடம் போக முடியாது. புது முதலாளி பழைய கடனை அடைத்தால்தான் தறி கைமாறும். நெசவுச் சாதிகளுக்கே இந்த நிலை என்றால், தறி சொந்தமில்லாமல் எடுபிடி வேலைக்குப் போன நம் பிள்ளைகளின் நிலை என்ன? பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளை தறிக்குழியில் ஈடாக இருந்தது. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் இது நின்றுவிடவில்லை. பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்துத் தறிகளையும் சேர்த்தே பேசியது.

இரண்டாவது ஈடு: நிலம்

செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். நிலமில்லாததே அடிமைத்தனத்தின் வேர் என்பது அவர் கண்டது. அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது. பத்து ஆண்டுகளுக்கு அந்த நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பார் தவிர வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனை போடப்பட்டது.

இந்த நிபந்தனை ஏன் வந்தது? அது இல்லாவிட்டால், நிலம் கிடைத்த மறுநாளே ஆண்டையின் கடன் பத்திரம் அதை விழுங்கிவிடும். நிபந்தனை இருந்தபோதே போக்கியம் என்றும் குத்தகை என்றும் பெயர் சொல்லி எவ்வளவு நிலத்தைச் சாதி இந்துக்கள் பிடுங்கிக்கொண்டார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்த நிலத்தை மீட்கும் போராட்டத்தில்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள்.

ஆகவே அந்த இளைஞருக்கு முதல் பதில் இது: ஆம் தம்பி, நிலம் பாதுகாப்புதான். விற்க முடியாது என்பதால்தான் இன்னும் உன் பெயரில் இருக்கிறது. ஆனால் விற்க முடியாத நிலத்தை வங்கி ஈடாக எடுத்துக்கொள்ளாது. "அப்படியானால் நிபந்தனையை நீக்கிவிடலாமே" என்று இப்போது சிலர் நமக்காகக் கண்ணீர் விடுகிறார்கள். அதை நாம் ஏற்கக் கூடாது. நிபந்தனையை நீக்கினால் ஒரு தலைமுறைக்குள் நிலமும் போகும், கடனும் மிஞ்சும். மாற்ற வேண்டியது நிலத்தின் சட்டத்தை அல்ல, ஈடு பற்றிய வங்கியின் பார்வையை. நிலம் கேட்காத நிதி முறைகள் இதே நாட்டில் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. அவை யாருக்குக் கிடைத்தன என்பதுதான் கேள்வி.

மெஷினே ஈடு

மாட்டை வாரத்துக்கு விடுவது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மாடு ஒருவருடையது, வளர்ப்பவர் வேறொருவர், கன்றில் ஆளுக்குப் பாதி. வளர்ப்பவரிடம் யாரும் நிலப் பட்டா கேட்பதில்லை. ஒழுங்காக வளர்க்காவிட்டால் உடையவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவார், அவ்வளவுதான். மாடே ஈடு.

குத்தகை நிதி, அதாவது லீசிங் என்பதன் அடிப்படையும் இதுதான். நிதி நிறுவனம் மெஷினை வாங்கி நமக்கு வாடகைக்குத் தருகிறது. மெஷின் அதன் பெயரிலேயே இருக்கும், நாம் ஓட்டிச் சம்பாதித்து மாதாமாதம் வாடகை கட்டுவோம். கடைசித் தவணை கட்டியதும் பொருள் நமக்கே சொந்தம் என்றால் அது தவணைமுறைக் கொள்முதல், ஹையர் பர்ச்சேஸ்.

தமிழ்நாடு இதில் முன்னோடி. 1954இல் சென்னையில் தொடங்கிய சுந்தரம் பைனான்ஸ் லாரிக்கும் பஸ்ஸுக்கும் தவணைமுறையில் நிதி கொடுத்து வளர்ந்தது. இந்தியாவின் முதல் லீசிங் கம்பெனியும் சென்னையில்தான், 1973இல், பெயரே பர்ஸ்ட் லீசிங் கம்பெனி ஆப் இந்தியா. ஆனால் இந்த நிதிக்கும் முன்பணம் வேண்டும், ஜாமீன் போட ஆள் வேண்டும். ஜாமீன் போடும் மாமனும் மச்சானும் யாருக்கு இருந்தார்களோ அவர்கள் லாரி முதலாளி ஆனார்கள். நம்மவர் அந்த லாரியில் கிளீனர் ஆனார். அந்த முதல் லீசிங் கம்பெனியின் கணக்கு முறைகேடு பின்னர் வெளியாகி, 2013இல் ரிசர்வ் வங்கி அதற்குத் தடை விதித்தது. கடன் கொடுத்திருந்த வங்கிகளின் பணம் சிக்கிக்கொண்டது. கோட்டு போட்டவர்களின் கணக்குப் புத்தகத்தை நம்பிய வங்கிகள், ஆறு தையல் மெஷினை நம்பத் தயங்குகின்றன.

பில்லே ஈடு

அடுத்தது பில் நிதி, பேக்டரிங். கணக்கோடு பார்ப்போம். நம் இளைஞர் 1,00,000 ரூபாய்க்குத் தைத்துக் கொடுத்துவிட்டார், பணம் 90 நாள் கழித்து வரும். அந்தப் பில்லை ஒரு பேக்டரிங் நிறுவனம் எடுத்துக்கொண்டு உடனே 80,000 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12% வட்டி என்றால் மூன்று மாதத்துக்கு 2,400, சேவைக் கட்டணம் 1% என்றால் 1,000. ஆடை நிறுவனத்திடம் பணம் வசூலானதும் மீதி 16,600 இவர் கைக்கு வரும். மொத்தச் செலவு 3,400.

அதே 80,000ஐ நூற்றுக்கு அஞ்சு வட்டிக்கு வாங்கினால் மூன்று மாதத்தில் 12,000 வட்டி. பத்து வட்டி என்றால் 24,000. வித்தியாசம் எங்கே இருக்கிறது? பேக்டரிங் நிறுவனம் தைத்தவரின் சாதியையோ பட்டாவையோ பார்க்கத் தேவையில்லை. பில் கட்ட வேண்டிய பெரிய நிறுவனம் நம்பகமானதா என்று பார்த்தால் போதும்.

இந்தியாவில் இதைக் கொண்டுவரலாம் என்று ரிசர்வ் வங்கி அமைத்த கல்யாணசுந்தரம் குழு 1988இல் சொன்னது. 1991இல் ஸ்டேட் வங்கி இதற்கென ஒரு நிறுவனத்தையே தொடங்கியது. 2011இல் தனிச் சட்டமும் வந்தது. பின்னர் டிரெட்ஸ் என்ற இணையச் சந்தை வந்தது. அதில் சிறு தொழில் செய்பவர் பில்லைப் பதிவேற்றினால், வாங்கிய நிறுவனம் ஒப்புக்கொண்ட பிறகு வங்கிகள் போட்டி போட்டுப் பணம் தரும். வாங்கியவர் ஏமாற்றினாலும் தைத்தவரிடம் திரும்பி வந்து கேட்க முடியாது. ஆண்டுக்கு 250 கோடிக்கு மேல் வரவு உள்ள நிறுவனங்கள் இதில் சேர்ந்தே ஆக வேண்டும் என்பது இப்போதைய விதி. போளூர் காலனியில் இதைக் கேள்விப்பட்ட ஒருவரையும் நாங்கள் இதுவரை சந்திக்கவில்லை.

நமக்குக் கிடைத்தது: மானமே ஈடு

நமக்குக் கிடைத்தது வேறு. 1989இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் நம் பெண்களுக்குச் சேமிப்பையும், கூட்டத்தில் எழுந்து பேசும் தைரியத்தையும் கொடுத்தன. அதை மறுக்க முடியாது. ஆனால் அதே வடிவத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்த மைக்ரோ பைனான்ஸ் நிறுவனங்கள், ஒருவர் தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்றாக்கின. நிலமும் கேட்கவில்லை, நகையும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் முன்னால் தலைகுனிய வேண்டுமே என்ற அச்சம்தான் ஈடு. வாசலில் உட்கார்ந்துகொண்டு எழுந்து போகாத வசூல்காரர்களை நம் தெருக்கள் நன்றாக அறியும்.

2010இல் ஆந்திராவில் தற்கொலைகள் நடந்த பிறகுதான் அரசுகள் விழித்தன. மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி செய்தது. கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடு 2025இல் சட்டம் இயற்றியது. நல்லது. ஆனால் உடம்பை ஈடாக வைத்த பாட்டனிடமிருந்து மானத்தை ஈடாக வைக்கும் பேத்தி வரை, கோடு ஒன்றுதான் என்பதை நாம் மறக்கக் கூடாது.

பங்கு முதல்

கம்பெனி நிதியில் ஈடே கேட்காத பணம் ஒன்று உண்டு. அது பங்கு முதல். இலாபம் வந்தால் பங்கு, நட்டம் வந்தால் அதிலும் பங்கு. இந்தப் பணம் பொதுவாக எங்கிருந்து வருகிறது? 1973 முதல் ஆரணியைத் திரும்பத் திரும்ப ஆய்வு செய்த பொருளியல் அறிஞர் பார்பரா ஹாரிஸ்-வைட், சிறுநகரத்தின் சந்தையைச் சாதியும் குடும்பமும் எப்படி ஒழுங்குபடுத்துகின்றன என்று காட்டியிருக்கிறார். நமக்குப் புதிதில்லைதான். மாமனார் கொடுத்த முதலில் கடை, சித்தப்பா கொடுத்த முதலில் மில். நம் மாமனார் கொடுக்க என்ன வைத்திருந்தார்?

அந்த இடத்தில்தான் அரசு மாமனாராக நிற்க வேண்டும். 1974இல் தாட்கோ வந்தது. 2016இல் ஸ்டாண்ட் அப் இந்தியா வந்தது. 2023இல் தமிழ்நாட்டின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35% முதலீட்டு மானியத்தோடும் 6% வட்டி மானியத்தோடும் வந்தது. ஒன்றிய அரசும் அதன் நிறுவனங்களும் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்று 2012 முதல் விதி இருக்கிறது. அந்த இலக்கில் பாதியைக்கூட எட்டாத ஆண்டுகளே அதிகம். திட்டம் காகிதத்தில் இருக்கிறது, கிளை மேலாளரின் மேசைக்கு வரும்போது "ஈடு என்ன?" என்ற பழைய கேள்வியாக மாறிவிடுகிறது.

திரும்பவும் வங்கிக்கு

அந்த இளைஞருக்கு இரண்டாவது பதிலும் உண்டு. குறு, சிறு தொழில்களுக்கு 10 இலட்சம் வரையிலான கடனுக்கு வங்கி ஈடு கேட்கவே கூடாது என்பது 2010 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. ஆறு மெஷினின் விலை அதற்குள் அடங்கும். அதாவது, அன்று மேலாளர் அந்தக் கேள்வியையே கேட்டிருக்கக் கூடாது. நாங்களும் அன்று அதை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். பட்டாவை எடுக்க விட்டது எங்கள் தவறு.

இப்போது அவருக்கு உத்யம் பதிவு செய்து கொடுத்திருக்கிறோம். பதிவு இருந்தால், 2006ஆம் ஆண்டின் சிறு தொழில் சட்டப்படி பில்லுக்கு 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். தாமதமானால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். திருவண்ணாமலை மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பம் கொடுத்தாயிற்று. வரும் வாரம் மறுபடியும் அதே வங்கிக்குப் போகிறோம். இந்த முறை கையில் பட்டா இருக்காது. விதியின் நகலும், மெஷினின் விலைப் பட்டியலும், ஓராண்டுப் பில்களும் இருக்கும். மறுத்தால் எழுத்தில் தரச் சொல்லிக் கேட்போம்.

உங்கள் காலனியில் இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர் இருந்தால் அவரைத் தனியாக வங்கிக்குப் போக விடாதீர்கள். நான்கு பேராகப் போங்கள். தாத்தாவின் பட்டா மட்டும் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

ஜெய்பீம்.