ஒளியை அறியும் கருவி



பொழுது சாய்ந்ததும் தெருவிளக்கு தானாக எரிகிறது. விடிந்ததும் தானாக அணைகிறது. வெளிச்சம் உண்டா, இல்லையா என்று பார்த்துச் சொல்ல விளக்கிலேயே ஒரு சிறு கருவி இருக்கிறது. அதுதான் ஒளியுணரி. இன்று கைத்தொலைபேசி, கார், மருத்துவமனை, தொழிற்சாலை என எங்கும் அது தேவைப்படுகிறது. அதன் வரலாற்றில் நமக்கும் பங்கு உண்டு.

நாம் பால்மரம் வெட்டத் தொடங்குவதற்கு முன்பே மலாயாக் காடுகளில் தாபான் என்ற மரம் இருந்தது. அதன் பால் உறைந்தால் கெத்தா பெர்ச்சா ஆகும். ரப்பரைப் போலக் கோடு கீறி அல்ல, மரத்தையே சாய்த்து அந்தப் பாலை எடுத்தார்கள். கடல்நீரில் அது கெடாது. மின்சாரத்தையும் கசிய விடாது. ஆகவே கடலடித் தந்திக் கம்பிகளுக்கு அதையே உறையாகப் போட்டார்கள். 1870இல் சென்னையிலிருந்து பினாங்குக்கு வந்த கடலடித் தந்தியும் அந்தக் காலத்ததே.

இத்தகைய கம்பிகளைச் சோதிக்க வில்லோபி ஸ்மித் என்ற ஆங்கிலப் பொறியாளர் செலினியம் என்ற பொருளைப் பயன்படுத்தினார். அதன் அளவு நேரத்துக்கு நேரம் மாறியது. காரணம் என்ன? இருட்டில் அது மின்சாரத்தைத் தடுத்தது. வெளிச்சம் பட்டால் வழி விட்டது. 1873இல் இச்செய்தி வெளியாயிற்று. ஒளியுணரியின் பிறப்பு இதுதான். பின்னாளில் செலினியத்தின் இடத்தைச் சிலிக்கன் பிடித்தது.

இனிப் பினாங்குக்கு வருவோம். 1969இல் தீவு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் குடும்பங்களும் தவித்த காலம் அது. அவ்வாண்டில் முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூவின் ஆட்சியில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் அமைந்தது. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது. முதலில் வந்த நிறுவனங்களுள் ஒன்று லிட்ரோனிக்ஸ். ஒளி உமிழும் சில்லுகளைச் செய்தது அது. பிறகு சீமென்ஸ், ஒஸ்ராம் எனக் கைமாறி, இன்று ஏஎம்எஸ் ஒஸ்ராம் ஆகியிருக்கிறது. ஒளியுணரிகளும் அதன் தொழிலே. ஒளி உமிழும் சில்லும் ஒளியை உணரும் சில்லும் உடன்பிறப்புகள் போன்றவை. ஒன்று மின்சாரத்தை ஒளியாக்கும். மற்றது ஒளியை மின்குறிப்பாக்கும்.

அந்நாளில் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குச் சென்றவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். கம்பத்துப் பெண்களோடு தோட்டத்துப் பெண்களும் பேருந்தேறிப் போனார்கள். தலைமுடியினும் மெல்லிய கம்பியை நுண்ணோக்கி வழியே பார்த்துச் சில்லில் இணைப்பது அவர்கள் வேலை. வீட்டுக்குச் சம்பளம் வந்தது. கண்வலியும் கூடவே வந்தது. இயந்திரத்துக்குக் கண் செய்ய மனிதக் கண் தேய்ந்தது. பிற்காலத்தில் அவ்வேலையைப் பெரும்பாலும் இயந்திரங்களே ஏற்றன.

இவ்வரலாறு நமக்குச் சொல்வது என்ன? முதலில் நம் நாட்டு மரம் பாலைக் கொடுத்தது. ஆராய்ச்சி வேறு நாட்டில் நடந்தது. பிறகு நம் பெண்கள் கையையும் கண்ணையும் கொடுத்தார்கள். வரைபடம் வெளியிலிருந்து வந்தது. இன்று பினாங்கிலேயே சில்லுகளை வடிவமைக்கிறார்கள். தோட்டமாக இருந்த பத்து காவானில் தொழிற்பேட்டை எழுந்திருக்கிறது. வேலை நம் வாசலுக்கே வந்துவிட்டது. எந்த வேலை நமக்குக் கிடைக்கும் என்பதைப் படிப்புதான் தீர்மானிக்கும்.

ஆகவே பெற்றோர்களே, நான்காம் படிவத்தில் பிள்ளை அறிவியல் எடுக்க விரும்பினால், "அது நமக்கு எதற்கு?" என்று தடுக்காதீர்கள். பெண் பிள்ளையானால் இன்னும் ஊக்கம் கொடுங்கள். அவள் பாட்டி செய்த சில்லை அவள் வரையட்டும்.