மாடத்தின் சாவி

1908 அக்டோபரில் சிகாகோவும் டெட்ராய்ட்டும் மோதிய பேஸ்பால் உலகத் தொடருக்கு வந்த நிருபர்களுக்கு, சிகாகோவில் கிடைத்தது பார்வையாளர் அரங்கின் கடைசி வரிசை. டெட்ராய்ட்டில் ஏணி வைத்துக் கூரைமேல் ஏறி, மழையிலும் பனியிலும் உட்கார்ந்து எழுதினார்கள். அந்தக் கோபத்தில் அதே மாதம் பிறந்தது அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கம். வேலை செய்ய ஒழுங்கான இடம் வேண்டும் என்று அவர்கள் கேட்டதில் தவறே இல்லை. ஆனால் நிருபர்கள் அமரும் மாடமான பிரஸ் பாக்ஸின் சாவி சங்கத்தின் கைக்கு வந்தபின், விளையாட்டைப் பற்றி எழுதத் தகுந்தவர் யார் என்பதையும் அந்தச் சாவியே தீர்மானித்தது.

நாளிதழ் நிருபர்களுக்கே உறுப்பினர் அட்டை என்பது அன்று சங்கத்தின் விதியாக இருந்தது. கறுப்பின மக்களின் பத்திரிகைகளோ பெரும்பாலும் வார இதழ்கள். பிட்ஸ்பர்க் கூரியரின் வெண்டெல் ஸ்மித், பால்டிமோர் ஆஃப்ரோ-அமெரிக்கனின் சாம் லேசி போன்றவர்கள் இதனால் வெளியே நின்றார்கள். மாடத்தில் இடம் குறைவு, வெள்ளையரின் வார இதழ்களுக்கும் அதே விதிதானே என்று வாதிடலாம். 1948 அந்த வாதத்தை உடைக்கிறது. ஸ்மித் சிகாகோ நாளிதழ் ஒன்றுக்குப் போனபின் அட்டை பெற்றார், சரி. லேசியோ தன் பத்திரிகையிலேயே இருந்தபடி அதே ஆண்டில் உறுப்பினரானார். மனம் வைத்தால் வளையக்கூடிய விதிதான் நாற்பது ஆண்டுகள் வளையாமல் நின்றிருக்கிறது. நியூ ஆர்லியன்ஸில் ஒருமுறை பிரஸ் பாக்ஸுக்குள் விடாதபோது, லேசி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூரைமேல் போய் உட்கார்ந்தார். வெள்ளை நிருபர்கள் சிலர் தாங்களும் ஏறிப்போய் அவரோடு அமர்ந்தார்கள். அவர்களையும் இந்த வரலாற்றில் மறக்கக் கூடாது.

பார்வையாளர் வரிசையிலிருந்தும் ஆட்டம் தெரியுமே, அதனால் எழுத்து கெட்டுவிடுமா என்று இன்னொரு கேள்வி எழலாம். எழுத்து கெடவில்லை, ஸ்மித் எழுதியவையே சாட்சி. இழப்பு வேறு இடத்தில் இருந்தது. ஆட்டத்தின் அதிகாரபூர்வ ஸ்கோரர்கள் சங்கத்து நிருபர்களிலிருந்து அமர்த்தப்பட்டார்கள். 1931 முதல் ஆண்டின் மதிப்புமிக்க வீரரைத் தேர்ந்தெடுத்ததும், 1936 முதல் கூப்பர்ஸ்டவுன் புகழ் மண்டபத்துக்கு வாக்களித்ததும் சங்கம்தான். மாடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவருக்கு ஆட்டத்தின் வரலாற்றைப் பதிவு செய்வதில் பங்கில்லை. 1947-இல் ஜாக்கி ராபின்சன், கறுப்பின வீரர்களை ஒதுக்கிவைத்த நிறத்தடையை உடைத்து புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு ஆடினார். அவரை அணிக்குப் பரிந்துரைத்தவரும், அவரோடு ஊர் ஊராகப் பயணம் செய்தவரும் ஸ்மித். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகமாகச் சங்கம் ராபின்சனைத் தேர்ந்தெடுத்தபோது, ஸ்மித்துக்கு வாக்கு இல்லை.