சங்கு தீர்த்தமும் மலைசுற்றும் வழியும்

திருக்கழுக்குன்றம் என்றதும் இரண்டு காட்சிகள் மனத்தில் எழும். ஒன்று, உச்சிவேளையில் பாறைமேல் வந்திறங்கிச் சர்க்கரைப் பொங்கல் உண்ட இரு கழுகுகள். மற்றொன்று, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குளத்தில் பிறக்கும் சங்கு. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே இருக்கும் இவ்வூரைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் இவ்விரண்டோடு நின்றுவிடுகிறது. ஆனால் பிணி தீர வேண்டி இங்கே வந்தவர்களுக்குச் சொல்லப்பட்ட முறை வேறு. ஒரு மண்டலம், அதாவது 48 நாள், சங்கு தீர்த்தத்தில் முழுகி வேதகிரி மலையை வலம் வரவேண்டும். சித்தபிரமையும் இதனால் தெளியும் என்பது ஊர் நம்பிக்கை. இந்த முறையில் குளத்துக்குக் கிடைத்த புகழ் நடைக்குக் கிடைக்கவில்லை. திருக்கழுக்குன்றத்தை நோய் தீர்க்கும் ஊராக ஆக்கியதில் நீருக்கு உள்ள பங்கு மலையைச் சுற்றிய வழிக்கும் உண்டு என்றே நான் கருதுகிறேன்.

வழியைப் பற்றிக் கல்வெட்டு ஏதேனும் பேசுகிறதா என்று கேட்கலாம். கல்வெட்டு நிலத்தையும் நெய்யையும் விளக்கையும் பேசும். மக்கள் காலால் தேய்த்த தடத்தைப் பேசுவது அதன் வேலையன்று. அதனால் சுற்றுவழியாகத்தான் சான்று தேட வேண்டும். ஆதித்த சோழனின் 27ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இங்கே முக்கியமானது. ஸ்கந்தசிஷ்யன் என்னும் பழைய அரசன் இக்கோயிலுக்கு விட்ட கொடையை வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர் காத்தார் என்றும், அதை ஆதித்தன் மீண்டும் நிலைநிறுத்தினான் என்றும் அது சொல்கிறது. அரசுகள் மாறியும் ஒரு குன்றின் கொடை அறுபடாமல் வந்தது என்றால், அந்தக் குன்றை நாடி வந்த மக்கள் கூட்டமும் அறுபடவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம் இது, மாணிக்கவாசகரும் பாடியிருக்கிறார். மலையில் பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபத்தில், 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த டச்சுக்காரர்கள் தம் பெயர்களைப் பொறித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் பிணி தீர வந்தவர்கள் அல்லர். அதை என் வாதத்துக்குச் சான்றாக இழுக்க மாட்டேன். எனினும் கோயிலோடு ஒட்டில்லாத அயலாரையும் கடற்கரையிலிருந்து இங்கே ஏறவைத்த குன்று இது என்பதை அந்தக் கீறல்கள் காட்டுகின்றன.

நீரையும் நடையையும் சேர்த்து மருந்தாக்கியது நம் ஊர் மட்டுமன்று. 1880களில் மாக்ஸ் யோசெப் ஓர்ட்டெல் என்னும் மியூனிக் மருத்துவர், இதய நோயாளிகள் அளவாக மலையேற வேண்டும் என்று வற்புறுத்தினார். ஏற்றத்தின் கடுமையை அளந்து வகைபிரித்த நடைபாதைகள் ஐரோப்பாவின் ஊற்றுநீர் நகரங்களைச் சுற்றி உருவாயின. குளிக்க வந்தவர்கள் குன்றேறிப் பழகினார்கள். அங்கே மருத்துவர் எழுதித்தந்ததை இங்கே நேர்த்திக்கடன் விதித்தது. ஒருநாள் உற்சாகத்தில் சுற்றிவிட்டுப் போகாமல் 48 நாள் விடாது நடக்கவைத்த அந்தக் கட்டுப்பாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கிரிவலம் பக்தி, அதை உடற்பயிற்சி என்பது அதைச் சிறுமைப்படுத்துவதாகாதா? இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். வலம் வந்தவர்கள் கடவுளை நினைத்தே நடந்தார்கள். ஆனால் நினைப்பு எதுவாயினும் நடந்தது கால். அதன் பயனும் உடம்பில் சேர்ந்தது. மனச்சோர்வுக்கு நடைப்பயிற்சியை இன்றைய மருத்துவரும் சொல்கிறார்கள். வீட்டுக்குள் முடங்கிய ஒருவரை நாள்தோறும் எழுப்பி, குளிக்கவைத்து, நாலுபேரோடு நடக்கவைப்பதில் அருளும் பயனும் ஒன்றையொன்று தள்ளிவிடுவதில்லை. தலபுராணம் நீரைத்தானே போற்றுகிறது, மார்க்கண்டேயருக்காகச் சங்கு தோன்றியதும் குளத்தில்தானே என்பது இன்னொரு மறுப்பு. உண்மைதான். ஆனால் சங்கு பிறப்பது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. நோயாளி அதற்காகக் காத்திருப்பதில்லை. சங்கு இல்லாத சாதாரண நாள்களில்தான் அவர் முழுகுகிறார், நடக்கிறார்.

கழுகுகளின் கதை இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. இங்கே வந்தவை மஞ்சள்முகப் பாறு என்னும் இனம். 1990களுக்குப் பின் அவை வருவது நின்றுபோயிற்று. இந்தியா முழுவதும் பாறுகள் சரிந்த காலம் அது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து அவற்றைக் கொன்றது தெரியவந்து, 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடைசெய்தார்கள். ஊரின் பெயருக்கே காரணமான பறவை போனது பெரிய துயரம். ஆயினும் யாத்திரை நிற்கவில்லை. பௌர்ணமிதோறும் மலையைச் சுற்ற மக்கள் வருகிறார்கள், ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படிகளை ஏறுகிறார்கள். காட்சி ஒன்றுதான் இவ்வூரை வாழவைத்தது என்றால், கழுகோடு கூட்டமும் கலைந்திருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து அதிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம்வரை சைக்கிள் மிதித்து வருபவர்கள் இங்கும் திரும்பி வரட்டும். வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு மலையைச் சுற்றி நடக்கட்டும். அந்த வழி வெறுங்காலோடு மெல்ல நடப்பவர்களுக்கானது. குரு கன்னிராசிக்கு வரும்போது நடக்கும் சங்கு தீர்த்தப் புஷ்கர மேளா 2016இல் நடந்தது, அடுத்தது 2028இல். அதற்குள் குளத்தைத் தூர்வாரக் காட்டும் அக்கறையைச் சுற்றுப்பாதைக்கும் காட்ட வேண்டும்: நோயாளி உட்கார நிழல், குடிக்கத் தண்ணீர், வாகனம் உரசாமல் நடக்க ஓர் ஓரம்.