விளையாட்டாய் வந்த சொல்

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயர் வட்டாரப் பேச்சில் பிள்ளைகள் தெருவில் விளையாடினால் ‘லேக்’ செய்கிறார்கள் என்பார்கள். ஏரியைக் குறிக்கும் சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. 866-இல் யார்க் நகரைப் பிடித்த வைக்கிங் படையினர், பத்தாண்டுக்குப் பின் அந்தப் பகுதி நிலத்தைப் பங்கு போட்டு உழத் தொடங்கினார்கள். வாளோடு வந்தவர்கள் குடியானவர்களாகி, பெண் கொடுத்துப் பெண் எடுத்தபோது அவர்களுடைய வீட்டுப் பேச்சும் ஊரில் கலந்தது. ‘லெய்க்கா’ என்ற அவர்களது வினைச்சொல்தான் ‘லேக்’ ஆயிற்று. அதன் டேனிஷ் உறவு இன்று உலகெங்கும் குழந்தைகள் கையில் இருக்கிறது: ‘நன்றாக விளையாடு’ என்னும் டேனிஷ் தொடரைச் சுருக்கித்தான் 1934-இல் பொம்மை நிறுவனத்துக்கு லெகோ என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு காலத்தில் ‘லேக்’ அரசவைச் சொல்லாகவும் இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் ‘சர் கவெய்னும் பச்சை வீரனும்’ பாடிய பெயர் தெரியாத கவிஞர், ஆர்தர் மன்னன் அவையின் கேளிக்கைகளுக்கு இதையே எழுதினார். பிறகு லண்டன் ஆங்கிலம் அச்சேறிப் பொதுமொழியானது. வடக்கத்திச் சொல் வடக்கிலேயே தங்கிவிட்டது.

தங்கிய இடத்தில் ஆலைகள் முளைத்தன. நெசவாலையில் சரக்குக்குக் கிராக்கி இல்லாமல் தறி நின்றால், தொழிலாளி ‘லேக்கிங்’. சுரங்கத்திலும் அப்படியே. கூலியின்றி வீட்டில் இருக்கிறான் என்று அர்த்தம். வேலை இல்லாத பொழுதெல்லாம் விளையாட்டுப் பொழுதாக இருந்த காலத்துச் சொல், வேலை இல்லாவிட்டால் அடுப்பெரியாத காலத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரே சொல்லில் பிள்ளையின் குதூகலமும் தகப்பனின் கவலையும் குடியிருந்ததை எண்ணும்போது, ஆலை யுகத்தின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதவில்லை என்றே எனக்குப் படுகிறது.

அந்த யுகத்தில் விளையாட நேரமின்றி வளர்ந்தவர் ஜோசப் ரைட். 1855-இல் பிராட்ஃபோர்டு அருகே பிறந்தவர். ஆறு வயதில் கல்குவாரியில் கழுதை வண்டி ஓட்டினார். ஏழு வயதில் சால்ட்ஸ் ஆலையில், நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றி வெறும் பாபின் மாட்டும் வேலை. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றதே பதினைந்து வயதில்தான். 1876-இல், சேமித்த 40 பவுண்டோடு கடல் கடந்து, ஆண்ட்வெர்ப்பிலிருந்து ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகம் வரை நடந்தே போனார். பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் மொழியியல் பேராசிரியர். 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக அவர் வெளியிட்ட ஆங்கில வட்டார வழக்கு அகராதியில், விளையாடுதல், வேலையின்றி இருத்தல் என்ற இரு பொருளோடும் ‘லேக்’ இடம்பெற்றது. அந்தப் பேச்சு கொச்சையல்ல, இலக்கணம் உள்ளது என்பதை அவர் அதற்கும் முன்பே நிறுவியிருந்தார்: தாம் வளர்ந்த விண்ட்ஹில் கிராமத்தின் வழக்குக்கு 1892-இல் ஒரு முழு இலக்கண நூலே எழுதியிருந்தார்.