பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிறு

காலை ஏழரை மணி, ஆபீஸ் கேப். எஃப்.எம்.மில் இரண்டு ஆர்ஜேக்கள் ஒருவரையொருவர் கலாய்த்துக்கொண்டிருந்தார்கள். ஜோக் சுமார்தான். ஆனால் ஒருத்தர் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருத்தருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. டிரைவர் அண்ணன் சவுண்டைக் கூட்டினார். "இவங்க நிஜமாவே ஃபிரெண்ட்ஸ் போல சார்" என்றார். ரேடியோவில் முகம் தெரியாது. இருந்தும் இது எப்படியோ தெரிந்துவிடுகிறது.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது பிபிசியின் 'தி கூன் ஷோ'.

இரண்டாம் உலகப் போர், வட ஆப்பிரிக்கா. ஒரு பிரிட்டிஷ் பீரங்கி மேட்டிலிருந்து உருண்டு கீழே விழுகிறது. அதைத் தேடி வந்த சிப்பாய், கீழே முகாமிட்டிருந்தவர்களிடம் யாராவது பீரங்கியைப் பார்த்தீர்களா என்று விசாரிக்கிறான். அவன் ஸ்பைக் மில்லிகன். அகமதுநகரில் பிறந்து, பூனாவிலும் ரங்கூனிலும் வளர்ந்த ராணுவக் குடும்பத்துப் பையன். கீழே இருந்தவர்களில் ஒருவர் ஹாரி செகோம்ப். அறிமுகமே ஒரு காமெடி சீன்.

போர் முடிந்தபின் லண்டனில் பீட்டர் செல்லர்ஸும் மைக்கேல் பென்டைனும் சேர்ந்துகொண்டார்கள். 1951 மே 28-இல் நிகழ்ச்சி தொடங்கியது. அர்த்தமில்லாத கதை, விதவிதமான குரல்கள், காதாலேயே பார்க்கவைக்கும் சத்தங்கள். பென்டைன் சீக்கிரமே விலகிவிட்டார்.

கேட்பவர்களுக்கு அது கும்மாளம். எழுதியவருக்கு அப்படியில்லை. முக்கிய எழுத்தாளர் மில்லிகன்தான். என் பாஷையில் சொன்னால், வாராவாரம் ரிலீஸ், தள்ளிப்போட வழியில்லை. 1944-இல் இத்தாலியில் குண்டடிபட்டு மனதளவில் நொறுங்கியிருந்தவர் அவர். 1952 கடைசியில் மனநோய் முற்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். திரும்பி வந்து மறுபடியும் எழுதினார். நாடு சிரித்த சிரிப்புக்கு அவர் கொடுத்த விலை இது. 1960 ஜனவரியில் நிகழ்ச்சி முடிந்தது.

பன்னிரண்டு வருடம் போயிற்று. செல்லர்ஸ் ஹாலிவுட் நட்சத்திரமாகிவிட்டார். செகோம்ப் பிரபலமான பாடகர். பிபிசியின் ஐம்பதாம் ஆண்டுக்காக 1972 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை, மூவரும் லண்டன் கேம்டன் தியேட்டரில் மறுபடியும் மைக் முன்னால் நின்றார்கள். ஆரம்ப கால அறிவிப்பாளர் ஆண்ட்ரூ டிமதியும் வந்திருந்தார். அவருக்குப் பின் அந்த வேலையைப் பார்த்த வாலஸ் கிரீன்ஸ்லேட் 1961-லேயே இறந்துவிட்டார். பார்வையாளர் வரிசையில் இளவரசர் பிலிப். பென்டைன் மட்டும் இல்லை. அக்டோபர் 5-இல் ஒலிபரப்பானது.

அதைக் கேட்டிருக்கிறேன். உண்மையைச் சொல்லணும்னா, பழைய எபிசோடுகளின் வேகம் அதில் இல்லை. கதை என்று ஒன்று கிட்டத்தட்ட கிடையாது. வசனத்துக்கு நடுவில் அவர்களே சிரித்துவிடுகிறார்கள். முன்பு கேட்பவர்களுக்காக ஜோக் சொன்னார்கள். அன்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள். நல்ல நிகழ்ச்சியா என்று கேட்டால் யோசிப்பேன். கேட்கணுமா என்றால் கண்டிப்பாக.

1980 ஜூலையில் செல்லர்ஸ் லண்டன் வந்தபோது மூவரும் சேர்ந்து சாப்பிடுவதாக ஏற்பாடு. மைக் இல்லை, பார்வையாளர் இல்லை, சும்மா ஒரு விருந்து. ஜூலை 22-ஆம் தேதி ஹோட்டலில் மாரடைப்பு வந்து விழுந்தார். இரண்டு நாளில் இறந்துபோனார். அவருக்கு வயது 54.

எங்கள் ஹாஸ்டல் அறை நண்பர்கள் நால்வருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. "மீட் பண்ணலாம்டா" என்று ஒன்பது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். கேப் ஆபீஸ் வாசலில் நிற்பதற்குள் ஒரு தேதியைப் போட்டுவிட்டேன். இரண்டு பேர் கட்டைவிரல் காட்டிவிட்டார்கள். மூன்றாமவன் இன்னும் பார்க்கவில்லை. இன்று இரவு அவனுக்கு ஃபோன் போடணும்.